நாலும் ஒண்ணா தேயணும்

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். காலை ஏழரை மணி இருக்கும். தமிழ்நாடு-கேரள எல்லையான கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். செங்கோட்டையில் கிளம்பும்போது வெறும் சாரல்தான். மலை ஏறி மறுபக்கம் வந்ததும் மழை கொட்டியது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம், ஒரே மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வானம்.

வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. ஒரு வலது வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசாகத் தொட்டேன். அவ்வளவுதான். வண்டியின் பின்பாகம் என் கையில் இல்லாமல் போனது. முன்சக்கரம் நான் சொன்ன இடத்தில் இருக்கிறது, பின்சக்கரம் மட்டும் இடதுபக்கம் தடுப்புச் சுவரைப் பார்த்து நழுவுகிறது. ஒரு நொடிதான் இருக்கும். தானாகவே பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் ஆரியங்காவு வரை இரண்டாவது கியரிலேயே போனேன். அன்று முதல் பாடவேளையில் கரும்பலகையில் எழுதும்போதும் கை நடுங்கியது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அதற்கு முந்தைய அக்டோபரில், வண்டி 30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டிருந்தேன். புது டயர் போட்ட வண்டி ஏன் வழுக்க வேண்டும்?

சாயங்காலம் திரும்பி வரும்போது புளியரையில் நான் காற்றுப் பிடிக்கும் டயர் கடையில் நிறுத்தினேன். கடை அண்ணாச்சி இளவயதில் கொல்லம் துறைமுகத்துக்கும் தூத்துக்குடிக்கும் லாரி ஓட்டியவர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தடவினார். பிறகு முன்சக்கரத்தில் தடவினார். டயர்ப் பள்ளத்தின் ஆழம் பார்க்கும் சின்னக் கருவியைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தார். முன்னால் 6.3 மில்லிமீட்டர். பின்னால் 3.6.

"புது டயரை முன்னால போட்டது யாரு டீச்சர்?" என்று கேட்டார்.

கடைக்காரர்கள்தான் போட்டார்கள், முன்னால்தானே தேய்ந்திருந்தது என்றேன்.

"முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போகும். காலை எடுத்தா பிடிக்கும். பின்னாடி வழுக்குனா வண்டி சுத்தும். சுத்துற வண்டியைப் பிடிக்க உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அதனால நல்ல பட்டன் எப்பவும் பின்னாடிதான் இருக்கணும்."

பட்டன் என்று அவர் சொன்னது டயரின் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டைகளை. இது உலகம் முழுக்க டயர் தயாரிப்பாளர்கள் சொல்கிற விதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை பின்னால் போக வேண்டும், எஞ்சின் முன்சக்கரத்தைச் சுழற்றும் முன்சக்கர இழுவை வண்டியானாலும் சரி. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரம் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அதே நேரத்தில் சாலையில் தண்ணீர். டயரில் இருக்கும் பள்ளங்களின் வேலை அந்தத் தண்ணீரை ஒதுக்கி வெளியே தள்ளுவது. பள்ளம் பாதியாகிவிட்டால் ஒதுக்கும் தண்ணீரும் குறையும். எடை குறைந்த, பள்ளம் குறைந்த, நான்கு வருடத்தில் ரப்பரும் கொஞ்சம் இறுகிய டயர். அந்த வளைவில் என்ன நடந்தது என்பது எனக்கு இப்போது ஒரு கணக்கு மாதிரி தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் அண்ணாச்சி அதோடு விடவில்லை. முன்னால் டயர் ஏன் 30,000-லேயே முடிந்தது என்று கேட்டார். சர்வீஸ் பில் எல்லாம் டேஷ்போர்டில் இருந்தது. 10,000 சர்வீஸில் 'டயர் ரொட்டேஷன்', அதாவது டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றிப் போடுவது, என்று ஒரு வரி, அதற்குக் காசு. 20,000 சர்வீஸிலும் அதே வரி, அதே காசு. அண்ணாச்சி பில்லைப் பார்த்தார், பின்சக்கரத்து நட்டுகளைப் பார்த்தார். நான்கு நட்டும் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்போடு சேர்ந்து செம்மண் நிறத்தில் துரு ஏறிக் கிடந்தன.

"இந்த நட்டு மேல ஸ்பானர் பட்டதே இல்ல டீச்சர்."

எந்த சர்வீஸ் சென்டர் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றும் போகவில்லை. அரை மணி நேர வேலையைச் செய்யாமல், செய்ததாக எழுதி, காசும் வாங்கினார்கள். அதனால் முன் டயர்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்தன. அதனால் இரண்டு மட்டும் வாங்கினேன். அவை தவறான இடத்தில் ஏறின. அதன் முடிவு ஆரியங்காவு இறக்கத்தில் ஒரு நொடி. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் வரிசையாகச் சேர்ந்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. டயரை மாற்றிப் போடுவது பற்றித் தமிழில் தேடினால் 'பத்தாயிரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. மலைச்சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதாது.

முன் டயர் ஏன் முதலில் தேய்கிறது? நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன, வண்டியை இழுப்பது முன்சக்கரம், திரும்புவது முன்சக்கரம், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சக்கரம். பின்சக்கரம் கூடவே வருகிறது, அவ்வளவுதான். சமவெளியிலேயே இந்த வித்தியாசம் தெரியும். இங்கே புளியரையில் இருந்து எஸ் வளைவு வழியாக ஏறி, கோட்டைவாசலில் எல்லை தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி வரை இறங்குவது என்றால், முழுக்கத் திருப்பமும் பிரேக்கும்தான். ஒவ்வொரு கூர்மையான வளைவிலும் முன் டயரின் வெளித்தோள், அதாவது வெளி ஓரம், சாலையில் உராய்கிறது. எனக்குப் போகவர ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் முன் டயர்கள் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் தேய்கின்றன. பின் டயர்கள் 0.9. இது பிறகு நானே அளந்து எழுதிவைத்த கணக்கு. இதே வண்டி தென்காசி, திருநெல்வேலி என்று நேர்ச்சாலையில் மட்டும் ஓடியிருந்தால் எண்கள் வேறாக இருந்திருக்கும்.

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டப்படி கார் டயருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயரின் பள்ளத்துக்குள்ளேயே அந்த உயரத்தில் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு முக்கோணக் குறியோ அதன் இடத்தைக் காட்டும். மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர். (மலையாளத்திலும் 'மொட்ட' என்றுதான் சொல்கிறார்கள்.) என் கருத்தைக் கேட்டால், தென்மேற்குப் பருவமழையில் இந்த மலை ஏறி இறங்கும் வண்டிக்கு 1.6 வரை காத்திருப்பது தவறு. மூன்றுக்குக் கீழே வந்தால் நான் மாற்றிவிடுவேன்.

சரி, மாற்றிப் போடும் விதத்துக்கு வருகிறேன். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும். பின் டயர்கள் குறுக்காக முன்னால் வரும், அதாவது பின் இடது முன் வலதுக்கும், பின் வலது முன் இடதுக்கும். பின்சக்கர இழுவை வண்டியில் இதற்கு நேர் எதிர். பின் டயர் நேராக முன்னால் வரும், முன் டயர் குறுக்காகப் பின்னால் போகும். இழுக்கும் சக்கரத்தில் இருப்பது நேராக நகர்கிறது, மற்றது குறுக்காக நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. குறுக்காகப் போகும் டயர் உருளும் திசை மாறுகிறது. ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்த பட்டன் எதிர்ப்பக்கமும் தேய்ந்து சமமாக அது உதவுகிறது.

பழைய ஆட்கள் சிலர் 'ரேடியல் டயரைப் பக்கம் மாத்தவே கூடாது' என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், என்னிடம் இதைச் சொல்லி வாதாடினார். அவர் சொல்வதில் அர்த்தம் உண்டு. ரேடியல் டயர் பரவத் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் அறிவுரை இருந்தது. இப்போது வரும் சாதாரண ரேடியல்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இரண்டு விதிவிலக்குகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஒரு திசையில் மட்டும் உருள வேண்டிய டயர். அதை அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான் மாற்றலாம். பக்கம் மாறினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் உள்ளே இழுக்கும். இரண்டாவது, முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள வண்டிகள். அவற்றில் முன்பின் மாற்றவே முடியாது. 'அவுட்சைட்' என்று எழுதியிருக்கும் டயர் குறுக்காகப் போகலாம், அந்த எழுத்து வெளிப்பக்கம் தெரிந்தால் சரி.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம். அன்று அண்ணாச்சியிடம், இப்போதாவது ரொட்டேஷன் செய்துவிடுங்கள் என்றேன். அவர் முன் டயர் இரண்டையும் நேராகப் பின்னால் போட்டார், பின் டயர்களை முன்னால் போட்டார். போட்டுவிட்டு, "இதுக்குப் பேரு ரொட்டேஷன் இல்ல. இது வைத்தியம்" என்றார். ரொட்டேஷன் என்பது வித்தியாசம் சின்னதாக இருக்கும்போதே செய்வது. ஏனென்றால் மாற்றிப் போடும்போது அதிகம் தேய்ந்த முன் டயர்தான் பின்னால் போகிறது. நல்ல பட்டன் பின்னால் இருக்க வேண்டும் என்ற விதிக்கு அது எதிரானது! எட்டாயிரத்தில் செய்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். அது பாதிக்காது. மூன்று வருடம் சும்மா விட்டுவிட்டு, முன்னால் 2, பின்னால் 5 என்று இருக்கும்போது 'இப்போதாவது செய்வோம்' என்று மாற்றினால், கிட்டத்தட்ட மொட்டையாகிவிட்ட டயரை நாமே பின்னால் கொண்டுபோய் வைக்கிறோம். மழைக்காலத்தில் அது என் வண்டி வழுக்கியதைவிட மோசமான நிலைமை. காலத்தில் செய்யாவிட்டால் பிறகு செய்யவே கூடாத வேலை இது. பில்லில் எழுதி ஏமாற்றிய ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"நாலும் ஒண்ணா தேயணும் டீச்சர். ஒண்ணா போடணும், ஒண்ணா கழட்டணும்."

அந்த வாரமே நான்கு டயரும் புதிதாக வாங்கினேன். செலவு கடித்தது, மறுக்கவில்லை. 6.3 இருந்த இரண்டில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டேன், இன்னொன்றை அண்ணாச்சி எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார். வண்டி அப்போது 38,500.

ஸ்டெப்னி பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாவது சக்கரமும் அதே அளவு, அதே வகை, அதே வயது என்றால் அதையும் சுற்றில் சேர்க்கலாம். ஸ்டெப்னி பின் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு, முன் இடது பின் இடதுக்கு, பின் இடது முன் வலதுக்கு, முன் வலது ஸ்டெப்னி இடத்துக்கு. ஐந்தும் சேர்ந்து தேயும், எந்த டயரும் இருட்டில் கிடந்து வயதாகாது. இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னி ஒல்லியாக, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற ஸ்டிக்கரோடு வருகிறது. அதைச் சேர்க்கக் கூடாது. ஓடாத டயருக்கும் வயது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. கடையில் 'புதுசு' என்று தருவதையும் இந்த எண்ணைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

மாற்றுவதற்கு முன் டயரைப் படிக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்வார். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு தோளும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. ஒரு தோள் மட்டும் என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது, இல்லை சக்கரம் சாய்ந்திருக்கிறது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம் மாதிரியும் இருந்தால், சக்கரங்கள் நேராக இல்லாமல் ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ ஓடுகின்றன. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும், பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்காமல் டயரை மட்டும் இடம் மாற்றினால், ஒரு டயரைத் தின்ற கோளாறு அடுத்த டயரையும் தின்னும். தேய்மானம் எதைச் சொல்கிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்து, பிறகுதான் இடம் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு புதிதாக ஒரு நடுக்கம் வந்தால், ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது ஓரளவு சரியான ஊகம். கடைக்குப் போய் பேலன்சிங் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை கடையில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சி என் பழைய டயரைக் காட்டி, "இது நீங்க தெனம் பாத்துட்டுப் போற மரம்தான்" என்றார். தென்மலை தாண்டி இடமண், புனலூர் என்று இறங்கினால் இருபக்கமும் ரப்பர்த் தோட்டம். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாகக் கீறிய கோடு, கீழே சிரட்டை. இந்தியாவில் வணிகமுறை ரப்பர் சாகுபடி 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கியது. இன்றும் நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கேரளத்தில்தான் விளைகிறது, ரப்பர் வாரியமும் கோட்டயத்தில்தான் இருக்கிறது. லாரி, பஸ் டயர்களில் கார் டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம் சேர்ப்பார்கள். பாரம் ஏற்றி ஓடும்போது அது குறைவாகச் சூடேறும். விடியற்காலையில் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர்களில் என் மாணவிகளின் அம்மாக்களும் உண்டு. 1.6 வரும் முன்பே ஒரு பக்கத்தோள் மட்டும் கிழிந்து குப்பைக்குப் போகும் டயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாக்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அடுத்தது நட்டு. இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

வண்டி வழுக்கியதற்கு முந்தைய வருடம், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் முன் இடது டயர் பஞ்சர். பொழுது சாய்கிற நேரம். ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் இருந்தது, எப்படிச் செய்வது என்றும் தெரியும். நட்டு அசையவில்லை. ஸ்பானரில் ஏறி நின்றேன், அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு ஜீப் நின்றது. "எந்து பற்றி டீச்சரே?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிய டிரைவர், ஸ்பானர் கைப்பிடியில் நீளமான இரும்புக்குழாயைச் செருகி, தன் முழு எடையையும் போட்ட பிறகுதான் முதல் நட்டு 'டக்' என்று விட்டது. கடைசியாக டயர் கடையில் ஏர்கன் (காற்றின் விசையில் நட்டை முறுக்கும் கருவி) வைத்து இறுக்கியிருந்தார்கள். ஏர்கன் தன் விருப்பத்துக்கு இறுக்கும். எவ்வளவு என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. அதிகமாக இறுக்கினால் சாலையோரத்தில் கழற்ற முடியாது என்பது மட்டும் இல்லை. போல்ட் நீண்டு பலம் குறையும், பிரேக் டிஸ்க் கோணலாகி பிரேக் பிடிக்கும்போது துடிக்கும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. பல சின்ன கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், சிலவற்றுக்குக் கூடக் குறைய. நான் கணக்கு டீச்சர் என்பதால் இதை இப்படிப் பார்க்கிறேன். 100 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ தொங்கவிட்ட மாதிரி. வண்டியோடு தரும் ஸ்பானர் கால் மீட்டர் நீளம் என்றால் நாற்பது கிலோ. அதாவது கையால் நன்றாக அழுத்தினால் போதும், ஏறி நிற்க வேண்டியதில்லை, குதிக்கவே கூடாது. சரியான விசை வந்ததும் 'டக்' என்று ஒலி கொடுக்கும் டார்க் ரென்ச் இருக்கிறது. அதை வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். கடையில் ஏர்கனால் கழற்றட்டும், அதில் தப்பில்லை. மாட்டும்போது முதலில் விரலால் திருகி, பிறகு டார்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்களே செய்வதானால் வரிசை முக்கியம். சமதரை, கைப்பிரேக், முதல் கியர், எதிர்ச்சக்கரத்துக்குக் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும், பிறகுதான் ஜாக்கி. புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். ஸ்டெப்னியை எடுத்து வண்டியின் அடியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், உங்கள் காலில் இல்லை. வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ காலையோ நுழைக்காதீர்கள். சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். இடையில் துரு இருந்தால் இன்று இறுகிய நட்டு நாளை தளரும். மரையில் எண்ணெய் விடாதீர்கள். வழுக்கும் மரையில் அதே 'டக்' ஒலிக்கு போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டின் கூம்பு வடிவப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்றை இறுக்கியதும் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. வட்டமாக வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கடைசி இறுக்கு சக்கரம் தரையைத் தொட்ட பிறகு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

காற்றையும் மறக்கக் கூடாது. பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு சொல்லியிருப்பார்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், குடும்பத்தோடு பை மூட்டையோடு போனால் பின்னால் இன்னும் கூட. டயர் இடம் மாறினால் காற்றும் புது இடத்துக்கு ஏற்ப மாற வேண்டும். காலையில் ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த டயரில் பார்ப்பதுதான் சரியான அளவு, மலை இறங்கி வந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். காற்று அழுத்தத்தைத் திரையில் காட்டும் வண்டி என்றால் எந்த டயர் எங்கே போனது என்பதை அதற்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் வலதில் காற்று இறங்கும், நீங்கள் முன் இடதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இப்போது நான் செய்வது இது. எட்டாயிரத்துக்கு ஒருமுறை, சர்வீஸோடு சேர்த்து அல்ல, தனியாகப் புளியரையில். போவதற்கு முன் டயரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று எழுதிவிடுவேன். பள்ளியில் இருந்து கொண்டுவந்த துண்டு சாக்பீஸ் போதும். வேலை முடிந்ததும் எழுத்து எங்கே வந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். வேறு கடைக்கு, வேறு சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களும் இதைச் செய்யலாம். யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை, நம் காசு, நம் உயிர். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் ஆழம். ஒவ்வொரு டயரிலும் உள்தோள், நடு, வெளித்தோள் என்று மூன்று இடத்தில் அளக்கிறேன்.

46,500-இல் முதல் ரொட்டேஷன். முன்னால் 6.3, 6.4. பின்னால் 7.1, 7.0. முன் இடதில் வெளித்தோள் மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவு. அலைன்மென்ட் பார்த்ததில் கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்த பிறகே இடம் மாற்றினோம்.

போன வாரம் 54,500. சனிக்கிழமை மதியம், நல்ல சாரல், குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் வரிசை வரிசையாக. அண்ணாச்சி கருவியால் குத்தி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 5.4. 5.5. 5.4. 5.3. அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை பார்த்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, "ஏல, இங்க வா, இதப் பாரு" என்று அவனிடமும் காட்டினார். முந்தைய டயர்களில் இதே பதினாறாயிரம் கிலோமீட்டரில் முன்பக்கம் ஐந்துக்குக் கீழே போயிருக்கும். இப்போது நான்கும் ஒரே ஆழத்தில் நிற்கின்றன.

அன்றும் குறுக்காக மாற்றினோம். ஒவ்வொரு நட்டையும் அந்தப் பையன் டார்க் ரென்ச்சால் இறுக்கினான், பதினாறு 'டக்'. திங்கள்கிழமை காலை மழையிலேயே மலை இறங்கினேன். அந்த வலது வளைவில் வழக்கம் போல இரண்டாவது கியர். செவ்வாய்க்கிழமை பள்ளி வளாகத்தில் வண்டியை நிறுத்தியபோது, கடையில் இருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கியில் இருந்து ரென்ச்சை எடுத்து, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். பின் இடதில் ஒரு நட்டு மட்டும் ஒரு விரல்கடை நகர்ந்து பிறகு ஒலி கொடுத்தது. மற்ற பதினைந்தும் தொட்டதுமே 'டக்'. முதல் மணி அடிக்கும் முன் கை கழுவ நேரம் இருந்தது.